கதவு வரை போய்த் திரும்பிய முதலாண்டு

கடைசித் தேர்வு முடிந்து நான்கு நாளாகிறது. விடுதி அறையில் ஒரு கட்டிலும் கட்டி வைத்த இரண்டு பெட்டிகளும்தான் மிச்சம். நேற்று இரவு நாங்கள் ஏழு பேர் தரையில் உட்கார்ந்து, "மறுபடியும் முதலாண்டில் சேர்ந்தால் எதை மாற்றிச் செய்வாய்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். படிப்பு, நட்பு, வேலை என்று எங்கெங்கோ போன பேச்சு கடைசியில் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டோம். இந்த ஆண்டு சேரப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

என் கதை கணக்குப் பாடத்தில் தொடங்குகிறது. வகைக்கெழுச் சமன்பாடு ஆரம்பித்த மூன்றாவது வகுப்பிலேயே எனக்குப் பிடி விட்டுப்போனது. ஆசிரியர் ஒவ்வொரு வாரமும், "புரியாதவர்கள் மதியம் என் அறைக்கு வாருங்கள்" என்பார். நான் மூன்று முறை போனேன். மூன்று முறையும் கதவு வரை போய், கண்ணாடி வழியாக அவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். தேர்வில் நூற்றுக்கு 31. அரியர்.

மறுதேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பக்கத்து அறை நண்பன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "எந்த இடத்தில் புரியவில்லை?" என்று கேட்டார் சார். "எல்லாமே" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு பழைய விடைத்தாளைத் திருப்பிப் போட்டு, "சுடுதண்ணீர் ஒரு குவளையில் இருக்கிறது. முதலில் வேகமாக ஆறுமா, கடைசியில் வேகமாக ஆறுமா?" என்றார். முதலில்தான் என்றேன். ஏன் என்றார். "அப்போதுதான் அறையின் சூட்டைவிட அது ரொம்ப அதிகமாக இருக்கும்" என்றேன். "ஆறும் வேகம், இரண்டுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. இதை நியூட்டன் சொன்னார். இப்போது நீயும் சொல்லிவிட்டாய். இதை எழுத்தில் எழுதினால் அதுதான் வகைக்கெழுச் சமன்பாடு" என்று பேனாவை என் கையில் கொடுத்தார். மொத்தம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்கு நான் ஐந்து மாதம் பயந்திருக்கிறேன்.

அந்த ஐந்து மாதத்துக்கு மதிப்பெண்ணிலும் விலை உண்டு. ஒட்டுமொத்தச் சராசரியை நம்மில் பலர் மூன்றாம் ஆண்டில்தான் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். எட்டுப் பருவங்களுக்கும் ஒரே அளவு கிரெடிட், அதாவது சராசரியில் ஒரே எடை, என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் பத்துக்கு 6 வாங்கிவிட்டு, மீதி ஆறிலும் விடாமல் 9 வாங்கினாலும் முடிவில் கிடைப்பது 8.25. முதலாண்டில் தளர்ந்தவர்கள் மீளவே முடியாது என்று சொல்லவில்லை, நானே மீண்டவன்தான். ஆனால் ஏறுவதற்கு நிறைய நாள் பிடிக்கும்.

படிக்கும் விதத்திலும் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. முதலாண்டில் குறிப்பேட்டை ஐந்து முறை வாசிப்பேன், எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், தேர்வு அறையில் ஒன்றும் வராது. ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வை ஒரு வகுப்பில் சொன்னார்கள். மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்து, சிலரை அதையே மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அன்றிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டு, 'இதை யாராவது கேட்டால் என்ன சொல்வேன்' என்று வெள்ளைத்தாளில் எழுதிப் பார்ப்பேன். எரிச்சலான வேலைதான். ஆனால் எது தெரியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

வேலை தேடும் விஷயத்தில் என் தோழி ஒருத்தியின் அனுபவம் இன்னும் பயன்படும். நெருங்கிய நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அவளுக்கு எந்தெந்த வேலை பற்றித் தெரியுமோ, அவர்களுக்கும் அதே வேலைகள்தான் தெரிந்திருந்தன. கடைசியில், இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு கருத்தரங்கில் உடன் வேலை செய்த சீனியர் அக்காவுக்குத் தயங்கித் தயங்கி எழுதினாள். மறுநாளே பதில் வந்தது, அந்த வழியில்தான் வேலையும் கிடைத்தது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இலேயே இதை எழுதியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், 'அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்' என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 55.6, மிக அரிதாக என்றவர்கள் 27.8. அதனால் 'அவ்வளவு பழக்கமில்லையே' என்று எண்ணி நிறுத்தாதீர்கள். நாலு வரி போதும்: நீங்கள் யார், எங்கே சந்தித்தீர்கள், என்ன வேண்டும்.

நேற்று இரவு எங்களை வாயடைக்க வைத்தது வேறொரு விஷயம். இரண்டாம் ஆண்டில் என் அறைத்தோழன் திடீரென்று பேச்சைக் குறைத்தான். வகுப்புக்கு வரமாட்டான், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். எங்கள் மேல் ஏதோ கோபம் என்று நாங்களும் ஒதுங்கிவிட்டோம். ஏழு வாரம் அப்படியே போனது. ஒரு நாள் இரவு அவன் செருப்பு வாசலில் அப்படியே, முந்தின வாரம் விட்ட இடத்தில், தூசி படிந்து கிடப்பதைப் பார்த்தேன். விளக்கை அணைத்த பிறகு, "டேய், உனக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தொடங்கினான், அழுதான். மறுநாள் இருவருமாகக் கல்லூரி மனநல ஆலோசகரிடம் போனோம். அவன் மெல்ல மெல்லத் தேறினான். நேற்று அவனே சொன்னான்: "நீ அன்றைக்குக் கேட்கவில்லை என்றால் படிப்பை விட்டிருப்பேன்டா. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் தினமும் இருந்தேன்." அந்த ஏழு வாரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் மாறிப்போனால் காரணத்தை நீங்களே ஊகிக்காதீர்கள், கேளுங்கள். கேட்டுவிட்டு அவன் பேசும்வரை காத்திருங்கள்.

என்னோடு முடித்து வெளியேறுபவர்களுக்கும் கொஞ்சம் உண்டு. மேற்படிப்பு எண்ணம் இருந்தால், பரிந்துரைக் கடிதம் பற்றி ஆசிரியரிடம் இப்போதே பேசி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அவருக்கு உங்கள் முகம் மட்டும்தான் நினைவிருக்கும், நீங்கள் செய்த வேலை மறந்திருக்கும். அவருக்காக உங்கள் ப்ராஜெக்ட் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோனால் நல்லது. கல்லூரி மின்னஞ்சலிலும் அதனோடு வரும் சேமிப்பிடத்திலும் இருப்பதையெல்லாம் இந்த வாரமே சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பல கல்லூரிகளில் படிப்பு முடிந்த கொஞ்ச நாளில் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள்.

நான் இன்று மதியம் அந்தக் கணக்கு சாரைப் பார்க்கப் போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அதே மாதிரி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எதிரே முதலாண்டுப் பெண் ஒருத்தி பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அவள் முடித்துவிட்டு வரும்வரை வெளியே காத்திருந்தேன்.