மலையகத்தில் டெலிகொம் ஃபீல்ட் வேலை: ஒப்பந்தக்காரர் வழியாகச் சேரலாமா?

தலவாக்கலை நிஷா
என்.வி.கியூ 4 (தேசிய தொழில் தகைமை, நான்காம் மட்டம்) முடித்த தம்பிமாருக்கு இப்போது அதிகம் வருவது ஒரே வாய்ப்புதான்: பெரிய டெலிகொம் கம்பனியின் ஃபைபர் பராமரிப்பு வேலை. ஆனால் கம்பனி இடாப்பில் பெயர் வராது, ஒப்பந்தக்காரரின் ஆளாகத்தான் போக வேண்டும். சேரச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், பக்கமே போகாதே என்பவர்களும் இருக்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

ஒளியிழை ஹட்டன்
தாராளமாகச் சேரலாம். இந்த வேலையை மலையில் கற்றவன் எங்கே போனாலும் நிற்பான்.

ஃபைபர் ஜொயின்ற் போடுவதை, அதாவது இரண்டு கண்ணாடி இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிளைசர் மெஷின் ஃபைபரை உருக்குவது மின்பொறியால்தான், அழுத்தம் மாறினால் பொறியின் சூடும் மாறும். புது மெஷின்கள் தாமாகவே சரிசெய்யும் என்றாலும், கீழேயிருந்து மேலே வந்ததும் ஒரு தடவை ஆர்க் கெலிப்ரேஷன் (மின்பொறியின் அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்துவிட்டுத்தான் முதல் ஜொயின்ற் போட வேண்டும். அதைச் செய்யாத ஜொயின்ற் திரையில் இழப்பு 0.02 டெசிபெல்தான் என்று அழகாகக் காட்டும், பிறகு ஓ.டி.டி.ஆரில் (ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி இழப்பையும் தூரத்தையும் அளக்கும் கருவி) படியாக இறங்கித் தெரியும். பனிமூட்ட நாளில் குளிர்ந்த மெஷினை வேனுக்குள் கொண்டுபோய் உடனே திறந்தால் லென்ஸில் நீர் படியும். கொஞ்ச நேரம் மூடியபடியே வைத்திருக்க வேண்டும்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேல்பூச்சை உரித்து 125 மைக்ரோன் கண்ணாடியை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, ஒரு பாகைக்குள் வெட்டுக் கோணம் வருமாறு கிளீவ் செய்து (நேராக வெட்டி), உருக்கி, ஜொயின்ற்றைக் காக்கும் ஸ்லீவ் உறையைச் சூடாக்க வேண்டும். ஸ்லீவை முன்கூட்டியே ஃபைபரில் போட மறந்தால் வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஜொயின்ற்றை அளக்கும்போது ஓ.டி.டி.ஆரை இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டுச் சராசரி எடுங்கள். இரண்டு வேறு வகை ஃபைபர் சேரும் இடத்தில் ஒரு பக்க அளவு பொய் சொல்லும், சில வேளை இழப்புக்குப் பதிலாக ஆதாயம் என்றே காட்டும்.

பதுளை கணக்கர்
தொழில் நல்ல தொழில்தான் அண்ணா, அதில் எனக்கு மறுப்பில்லை. சம்பளப் பட்டியலைப் பாருங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியாக 3 வீதம். ஒப்பந்தக்காரர்கள் பலர் ஒரு சிறிய அடிப்படைச் சம்பளத்தை எழுதிவிட்டு, மீதியை ஜொயின்ற் கணக்கிலும் இணைப்புக் கணக்கிலும் கொடுப்பார்கள். பங்களிப்பை அந்தச் சிறிய தொகைக்கு மட்டும் கட்டுவார்கள். இது சரியல்ல. துண்டுக் கணக்கில் வரும் கூலியும் சேமலாப நிதிக்கான வருமானம்தான். சேராதது மேலதிக நேரக் கொடுப்பனவு. அந்தப் பெயரில் எழுதினால் பங்களிப்பு மிச்சம் என்பதால்தான் பட்டியலில் மேலதிக நேரம் வீங்கிக் கிடக்கிறது.

பணிக்கொடையும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஒப்பந்தம் கைமாறும்போது அதே ஆட்கள், அதே வேன், அதே ரூட், புது முதலாளி. சேவைக் காலம் பூச்சியத்திலிருந்து தொடங்கும். பத்து வருடம் ஒரே கம்பனியின் கேபிளைக் காப்பாற்றிய மனிதர் வெறுங்கையோடு போவது நியாயமா?

ஒளியிழை ஹட்டன்
நியாயமில்லை. ஆனால் அதற்காக வேலையே வேண்டாமென்றால் தம்பிமார் எங்கே கற்பார்கள்? சேர்ந்த முதல் மாதமே பி கார்ட்டை (சேமலாப நிதி அங்கத்துவ அட்டை) கேட்டு வாங்கட்டும். பங்களிப்பு அடுத்த மாத இறுதிக்குள் கட்டப்பட வேண்டும். கட்டாவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். நிரந்தர வெற்றிடம் வரும்போது ஸ்பிளைசிங் தெரிந்தவனுக்கும் சான்றிதழ் மட்டும் உள்ளவனுக்கும் இன்டர்வியூவில் வித்தியாசம் தெரியும்.

48 வோல்ட்
இரண்டு பேரும் ஃபைபரோடு நிற்கிறீர்கள். டவர் பக்கமும் ஒப்பந்தக்காரர்தான்.

மலை டவரில் பிரதான எதிரி இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் வரும். பாறை நிலத்தில் இடி மின்னை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ரொட் இறங்காது, செப்புப் பட்டியைக் கிடையாகப் புதைத்து, ஈரம் பிடிக்கும் பென்டோனைட் களிமண் போட வேண்டியிருக்கும். எர்த் தடையை மழைக் காலத்தில் அளந்தால் நல்ல எண்தான் வரும். பெப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்திருக்கும்போது அளப்பதுதான் உண்மையான அளவு.

கரண்ட் போனால் டவரைத் தாங்குவது 24 பேட்டரி செல், ஒவ்வொன்றும் 2 வோல்ட். சார்ஜில் இருக்கும்போது 54 வோல்ட் அளவில் நிற்கும், 43 வோல்ட்டுக்குக் கிட்ட இறங்கியதும் லோட் கழன்றுவிடும். வடிந்த பேட்டரியை உடனே நிரப்பாமல் நாட்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு போய்விடும். பாதை சரிந்து ஜெனரேட்டருக்கு டீசல் ஏறாத வாரங்களில் பேட்டரி சாவது இதனால்தான்.

ஏறும்போது இரண்டு கொக்கிக் கயிறு, எப்போதும் ஒன்று மாட்டியபடி. இடி கேட்டால் இறங்க வேண்டும், கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் ஏறக்கூடாது. இதற்கு இடம் கொடுக்காத சூப்பர்வைசர் இருக்கும் இடத்தில் சம்பளம் எவ்வளவு என்றாலும் வேண்டாம்.

பதுளை கணக்கர்
அந்த 30 நிமிடத்தை யார் கணக்கில் எழுதுவது? என் முழு வாதமும் அங்கேதான். பழுதுச் சீட்டு திறந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. நான்கு மணித்தியாலத்தில் சரி செய் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், கம்பஹாவுக்கும் அதே நான்கு, ஹப்புத்தளைக்கும் அதே நான்கு. தாமதித்தால் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம். அவர் அதைக் குழுவின் கொடுப்பனவில் கழிக்கிறார்.

ஒளியிழை ஹட்டன்
அதற்குத்தான் ஸ்டாப் கிளாக், அதாவது நம் கையில் இல்லாத தடைக்குக் கடிகாரத்தை நிறுத்தும் முறை, இருக்கிறது. பாதை அடைப்பு, கரண்ட் வெட்டு, இடி, தோட்ட அனுமதி கிடைக்காதது, எதுவானாலும் நடந்த உடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, நேரமும் இடமும் பதியும் படத்தை அனுப்பி, சீட்டில் காரணத்தை ஏற்ற வைக்க வேண்டும். மாலையில் சொன்னால் ஏற்கமாட்டார்கள்.

நேரம் உண்மையில் வீணாவது இடம் தேடுவதில். ஓ.டி.டி.ஆர் 4.2 கிலோமீற்றரில் வெட்டு என்றால் பாதையில் 4.2இல் இருக்காது. கம்பங்களில் சுற்றி வைத்த உபரிக் கேபிள் எல்லாம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது, குழாய்க்குள் ஃபைபரும் சுருளாகத்தான் ஓடுகிறது. ஒவ்வொரு சுருளின் நீளத்தையும் ரூட் வரைபடத்தில் எழுதி வைத்த குழு நேரே போய் நிற்கும். எழுதாத குழு தேயிலைக்குள் அட்டைக்கடியோடும் குளவிக்குப் பயந்தும் நடந்துகொண்டிருக்கும்.

தலவாக்கலை நிஷா
வீட்டு இணைப்புப் பக்கம்?

ஒளியிழை ஹட்டன்
வீட்டு ஓ.என்.டி (வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி) மைனஸ் 27 டிபிஎம் வரை குறைந்த ஒளியையும் தாங்கும். மைனஸ் 25 என்று கண்டால் இன்றைக்கு வேலை செய்கிறதே என்று விட்டுவிட்டு வரக்கூடாது. கனெக்டரைத் துடைத்து மறுபடி பாருங்கள். பிறகு 1310, 1550 நனோமீற்றர் ஒளி அலைநீளம் இரண்டிலும் அளவெடுங்கள். 1550இல் மட்டும் இழப்பு கூடினால் கேபிள் எங்கோ இறுக்கமாக மடிந்திருக்கிறது, லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தகர விளிம்பில் ஆணியடித்த இடத்தை முதலில் பாருங்கள். இணைப்பு உயிரோடு இருந்தால் இந்த இரண்டும் வேண்டாம், 1625 அல்லது 1650 தான்.

முகவரியும் ஒரு தலையிடி. பட்டியலில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும், லயமும் காம்பரா (லயத்து அறை) இலக்கமும் இருக்காது. கொழுந்து நிறுக்கும் மடுவம், கோயில் என்று அடையாளத்தையும் ஜிபிஎஸ் புள்ளியையும் சேர்த்து எழுதினால் அடுத்த முறை போகிறவர் பிழைப்பார். தமிழில் கதைக்கும் பையன் இதை ஒரே அழைப்பில் கேட்டெடுப்பான்.

பதுளை கணக்கர்
எடுப்பான், அதற்கும் கொடுப்பனவு இல்லை. இணைப்புக்கு ஒரு விலை, ஜொயின்ற்றுக்கு ஒரு விலை. துடைத்ததற்கும், வரைபடம் எழுதியதற்கும், இரு பக்கம் அளந்ததற்கும் பூச்சியம். நல்ல வேலைக்காரனின் நேரம் எல்லாம் விலையில்லாத வேலையில்தான் போகிறது அண்ணா. நாள் சம்பளம் தருபவரிடம் சேரட்டும், துண்டுக் கணக்குக்காரரிடம் வேண்டாம்.

48 வோல்ட்
இதில் கணக்கர் பக்கம்தான். அதோடு மறுவேலையை யார் செலவில் செய்வது என்று வேலைக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றவர் போட்ட ஜொயின்ற் கெட்டாலும் கடைசியாக ஜொயின்ற் பெட்டியைத் திறந்தவன் தலையில்தான் விழும். மூடுவதற்கு முன் உள்ளே ஜொயின்ற் அடுக்கிய டிரேயைப் படமெடுத்து வைக்கட்டும்.

தலவாக்கலை நிஷா
சரி அண்ணா. நாள் சம்பளமா துண்டுக் கணக்கா, மறுவேலை யார் செலவு, தண்டம் குழுவில் கழியுமா, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்கிறேன். எழுதித் தர மறுத்த ஒப்பந்தக்காரர் பற்றி வேறு யாருக்கும் தெரிந்தால், பெயர் போடாமல் எந்தப் பகுதி என்று மட்டும் எழுதுங்கள்.