பழைய எஸ்டேட் வாங்கலாமா? அவசரம்!

கோத்தகிரிப் பையன்:
அண்ணன்களே, அக்காக்களே, வணக்கம். இங்கிலாந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. 2006 எஸ்டேட் ஒன்று 1,400 பவுண்டுக்கு வருகிறது. நாளை மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம். வீட்டில் அவளுக்கு எட்டாம் மாதம். வாங்கவா, வேண்டாமா?

கட்டபெட்டு மாமா:
எஸ்டேட்டா? வேண்டவே வேண்டாம் தம்பி. பச்சைத் தேயிலைக்கு வரும் காசு பறிக்கிற ஆள் கூலிக்கே போதவில்லை. காட்டெருமை வேறு. என் இரண்டு ஏக்கரையே விற்க அலைந்துகொண்டிருக்கிறேன்.

குன்னூர் அக்கா:
மாமா, அது தோட்டம் இல்லை, கார்! நாம் ஸ்டேஷன் வேகன் என்பதை இந்த ஊரில் எஸ்டேட் என்பார்கள். 1,400 பவுண்டுக்குத் தேயிலைத் தோட்டம் கிடைத்தால் நானே இன்றைக்கு விமானம் ஏறிவிடுவேன்.
தம்பி, யோசிக்காமல் வாங்கு. முதல் குளிர்காலத்தைக் கார் இல்லாமல் தள்ளினேன். பத்துக் கிலோ பொன்னி மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ஐஸில் வழுக்கி விழுந்தேன். மூட்டை கிழிந்து நடைபாதையெல்லாம் அரிசி. நான் எழுவதற்குள் புறாக்கள் வந்துவிட்டன.

கூடலூர்க்காரன்:
வாங்காதே. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கியவன் என்ற திமிரில் நானும் ஒரு பழைய வேகன் வாங்கினேன். நான்காம் மாதம் டைமிங் பெல்ட் அறுந்து இன்ஜினே போனது. ரிப்பேர் செலவு கார் விலையைத் தாண்டியது.

குன்னூர் அக்கா:
எல்லா வண்டியும் அப்படியா?

கூடலூர்க்காரன்:
இன்சூரன்ஸ் மட்டும் என்ன வாழ்ந்தது? ஊரில் பத்து வருடம் ஓட்டியதை மதிக்கவே இல்லை. இங்கும் அதே மழை, அதே ஸ்வெட்டர். ஊட்டியிலேயே இருந்திருந்தால் வர்க்கியாவது கிடைத்திருக்கும்.

அரவேணு அண்ணன்:
சரி, புலம்பியது போதும். தம்பி, பெட்ரோலா டீசலா, வீடு எங்கே என்று எதுவுமே நீ சொல்லவில்லை. லண்டன் என்றால் 2006 டீசலைத் தொடாதே. யூலெஸ் கட்டணம், அதாவது புகை அதிகம் விடும் வண்டிக்கு லண்டனில் வாங்கும் காசு, ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. அந்த வருடத்துப் பெட்ரோல் வண்டி பெரும்பாலும் தப்பிவிடும்.
நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் அரசுத் தளத்தில் எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வண்டிப் பரிசோதனையின் வரலாறு இலவசமாக வரும். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுகிறார்கள், அடிப்பக்கம் அரித்துவிடும். வருடா வருடம் துரு என்று எழுதியிருந்தால் விட்டுவிடு. பெல்ட் மாற்றிய ரசீதைக் கேள். நீ போகும்போதே பானெட் சூடாக இருந்தால் சந்தேகப்படு, குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும். விற்பவர் கட்டிய வண்டி வரி உன் பெயருக்கு மாறாது. இன்சூரன்ஸ் எவ்வளவு என்று தெரியாமல் பணத்தை எடுக்காதே. அப்புறம், நம் லைசென்ஸ் 12 மாதம்தான் செல்லும். இப்போதே டெஸ்டுக்குப் பதிவு செய்.

கோத்தகிரிப் பையன்:
டீசல்தான் அண்ணா. வீடு லண்டன் குரோய்டன். எம்.ஓ.டி. பார்த்தேன், நான்கு வருடமாகப் பின்பக்கம் துரு. ஆனால் விற்பவர் எங்கள் மேனேஜரின் மாமனார். எப்படி வேண்டாம் என்பது?

அரவேணு அண்ணன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இன்சூரன்ஸ் கட்டுப்படியாகவில்லை என்று சொல். பொய்யாக இருக்காது.