புதுப்பிப்பு: பேருந்துப் பயம், இரண்டு மாதத்துக்குப் பிறகு

பேருந்தில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லியும் அக்கா வீட்டுக்குப் போக முடியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

இப்போது ஓர் உளவியல் ஆலோசகரிடம் போகிறேன். அவர் தருவது ஏற்பு மற்றும் உறுதிப்பாட்டு சிகிச்சை. 1980களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேஸ் உருவாக்கத் தொடங்கியது. படபடப்பை விரட்டுவது இதன் நோக்கமே இல்லை. அது இருக்கும்போதே நமக்கு முக்கியமானதைச் செய்யப் பழகுவதுதான். இதைத்தான் உளவியல் நெகிழ்வு என்கிறார்கள்.

முதல் நாள் 'பால்' என்ற சொல்லை அரை நிமிடம் வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். வெள்ளை நிறமும் ருசியும் போய், வெறும் சத்தம்தான் மிஞ்சியது. பயமுறுத்தும் எண்ணமும் இப்படி வெறும் சொற்கள்தான் என்று உணர்த்தவே இது. அப்புறம் 'மயங்கி விழப்போகிறேன்' என்பதை 'மயங்கி விழப்போகிறேன் என்ற எண்ணம் வருகிறது' என்று மாற்றிச் சொல்ல வைத்தார். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது இதுதான்.

போன ஞாயிறு ஏறினேன். கம்பியைப் பிடித்த கை வியர்த்து வழுக்கியது. எண்ணம் வந்தது, படபடப்பும் வந்தது. இறங்கவில்லை. நான்காவது நிறுத்தத்தில் அக்கா மகள் நின்றிருந்தாள், என் பையில் அவளுக்குக் கடலை மிட்டாய்.