எம்-1 அரியரும் ஏழரை சதவீதமும்

கொள்ளிடக்காரி: நேத்து "கணக்கு வாத்தியார்" இங்க எழுதினதப் படிச்சு ராத்திரி தூக்கமே வரல. "இன்ஜினியரிங்ல 7.5 சதவீத இடஒதுக்கீட்டுல வர்ற அரசுப்பள்ளிப் பசங்க எம்-1லயே, அதாவது முதல் செமஸ்டர் கணக்குலயே, அரியர் வைக்கிறாங்க, சீட்டு எதுக்கு?"ன்னு கேட்டிருக்கார். சார், நான் முதல் பட்டதாரி. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழி. எனக்கு அணி தெரியும், அணிக்கோவை தெரியும். போர்டுல மேட்ரிக்ஸ், டிடர்மினன்ட்னு ஓடினப்ப, மேட்ரிக்ஸ்னா அணி, டிடர்மினன்ட்னா அணிக்கோவைன்னு சொல்ல ஆளில்ல. எம்-1ல அரியர். அடுத்த தடவை எழுதி 71 எடுத்தேன்.

கணக்கு வாத்தியார்: ஆக, அரியர் வச்சீங்க. 18 வருஷமா பேப்பர் திருத்துறேன், நான் சொன்னது தப்பா?

கொள்ளிடக்காரி: என் பெஞ்சுல மூணு பேருக்கு எம்-1 அரியர். ரெண்டு பேர் லட்சக்கணக்குல கட்டி ஹாஸ்டல் பள்ளியில படிச்சவங்க. அவங்க சீட்டு எதுக்குன்னு எப்பவாவது கேட்டீங்களா?

தெற்குத்தெரு: ஒரு நிமிஷம். பொறியியலுக்கு 7.5 வந்தது 2021ல. நீங்க எந்த வருஷம்?

கொள்ளிடக்காரி: 2013.

தெற்குத்தெரு: அப்ப உங்களுக்கும் 7.5க்கும் என்ன சம்பந்தம்? அவங்களுக்கு டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாமே அரசு கட்டுது. எங்க அப்பாவும் கூலிதான். நான் படிச்சது உதவி பெறும் பள்ளிங்கறதால எனக்கு 7.5 கிடையாது. அதைப் பத்தி வாயே திறக்க மாட்டேங்கறீங்க.

கொள்ளிடக்காரி: உங்க ஆதங்கத்தைக் கோட்டையில போய்ச் சொல்லுங்க தம்பி, அந்தப் பசங்க மேல காட்டாதீங்க. 2020ல மருத்துவத்துக்குக் கொண்டுவந்தப்பவே அரசு போட்ட நீதிபதி கலையரசன் குழு கேட்டது 10 சதவீதம். கிடைச்சது 7.5. அதுக்கே இவ்வளவு எரிச்சலா?

மேலூர் மச்சான்: மாசம் 1000 ரூபாய் வேற தர்றாங்க. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன்...

கொள்ளிடக்காரி: அந்த 1000ல பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் போக என்ன மிஞ்சும்னு ஒரு மாசம் இருந்து பாருங்க. பேச்ச மாத்தாதீங்க. வாத்தியாரே, 18 வருஷத்துல ஒரு நாளாவது டிடர்மினன்ட் பக்கத்துல "அணிக்கோவை"ன்னு எழுதிப் போட்டீங்களா?

கணக்கு வாத்தியார்: பாடம் இங்கிலீஷ்ல. தமிழ் சொல்லிக்கொடுக்க எனக்குச் சம்பளம் தரல.

கொள்ளிடக்காரி: எழுதினீங்களா, இல்லையா?

கணக்கு வாத்தியார்: மொத்தம் எத்தனை அரியர் வச்சீங்க, அத முதல்ல சொல்லுங்க.

கொள்ளிடக்காரி: ஒண்ணே ஒண்ணு. எம்-1. இப்ப நீங்க சொல்லுங்க.