புதுப்பிப்பு: குடியை விட்டும் தேறாத அண்ணன்

குடியை நிறுத்திய பிறகும் அண்ணன் யாரோடும் பேசாமல் சுருண்டே கிடக்கிறார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அல்சூரிலிருந்து ஆட்டோவில் கூட்டிப் போனோம். அங்கே போதை மீட்புக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

டாக்டர் முதலில் கேட்டது, மனச்சோர்வு முன்னாலா, குடி முன்னாலா என்று. அண்ணன் தலையைத் தூக்கவில்லை. அம்மாதான் சொன்னார்: "அப்பா போனப்பவே இவன் சோறு தண்ணி இல்லாம கிடந்தான் சார். குடி அப்புறம்தான் வந்துச்சு." அதைக் கேட்டதும் அண்ணன் அழுதுவிட்டார்.

குடியால் வரும் சோர்வு பலருக்கு நிறுத்தி 2 முதல் 4 வாரத்தில் குறையுமாம். அதன் பிறகும் நீடித்தால் தனியாக ஒரு மனச்சோர்வு இருக்கக்கூடும்; இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும். இதற்கு முன் சேர்த்திருந்த போதை மீட்பு மையத்தில் "மன உறுதி போதாது" என்றே திட்டினார்கள். நோயாளியிடம் சொல்லக்கூடாத பேச்சு அது.

மனச்சோர்வுக்குக் கொடுத்திருக்கும் மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். இப்போதைக்குத் தூக்கம் வருகிறது, சாப்பிடுகிறார்.

தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டிலேயே திடீரென நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். சாகிற பேச்சு எடுத்தால் உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, 14416-இல் அழையுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.