கேரளா போனால் மட்டும் மைலேஜ் விழுகிறது: பெட்ரோலா, சாலையா?

ஈரோடு மஞ்சள்:
வணக்கம். அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு குருவாயூர், கொச்சி என்று அடிக்கடி போய் வருகிறோம். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 2019 மாடல். சேலம் பக்கம் ஓட்டினால் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி, கேரள எல்லையில் வாளையாரைத் தாண்டிவிட்டால் 13-க்கு இறங்கிவிடுகிறது. போன முறை திருச்சூர் அருகே ஒரு பங்கில் டேங்க் நிரப்பினேன். விலையும் லிட்டருக்கு ஐந்து ரூபாய் போல அதிகம். சர்வீஸில் காட்டியதில் பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் சரி என்கிறார்கள். அங்கே பெட்ரோலில் எதையாவது கலக்கிறார்களா? அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். எங்கே நிரப்பிக்கொள்வது நல்லது?

பங்க் மேனேஜர்:
முதலில் ஒன்று கேட்கிறேன். 13 என்பது டேஷ்போர்டில் காட்டுவதா, டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கா?

ஈரோடு மஞ்சள்:
நிரப்பிப் பார்த்த கணக்குதான் சார். இரண்டு முறையும் ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிட்டேன்.

பங்க் மேனேஜர்:
அப்படியென்றால் கணக்கு சரி. பெட்ரோல் மேல் சந்தேகப்படுவதற்கு முன் இதைக் கேளுங்கள். கோவை இருகூருக்கும் கரூருக்கும் குழாய் வழியாக எரிபொருள் வருவதே கொச்சி அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலையிலிருந்துதான். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சரக்கு, அந்தப் பக்கம் ஒரு சரக்கு என்று கிடையாது. தனிப்பட்ட ஒரு பங்கில் தப்பு நடக்கலாம், அது எந்த ஊரிலும் நடக்கலாம். சந்தேகம் வந்தால் அங்கேயே அடர்த்தி பார்க்கச் சொல்லுங்கள். 15 டிகிரி வெப்பநிலைக்கு மாற்றிக் கணக்கிட்ட அடர்த்தி, லோடு வந்தபோது பதிவான அடர்த்தியிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் மாறக் கூடாது. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம், கறை தங்கக் கூடாது. ஐந்து லிட்டர் குடுவையில் அளந்து காட்டச் சொன்னால் 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. இதெல்லாம் வாடிக்கையாளரின் உரிமை, தயங்கவே வேண்டாம்.

எத்தனால் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அது ஈரோட்டிலும் அதே கலவைதான். எல்லை தாண்டினால் மட்டும் விழுவதற்கு அது காரணமாகாது. டேங்கில் தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். அப்போது வண்டி திணறும், ஆஃப் ஆகும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையே.

பொள்ளாச்சி டாக்ஸி:
தம்பி, சாலைதான் காரணம். வாளையார் முதல் வடக்கஞ்சேரி வரை நாலு வழியில் நன்றாகப் போகலாம். குதிரான் மேட்டில் முன்பெல்லாம் லாரிக்குப் பின்னால் மணிக்கணக்கில் நிற்போம். 2021-ல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. திருச்சூரை ஒட்டிய மண்ணுத்தி தாண்டியதும்தான் தொல்லை ஆரம்பம். ஆம்பல்லூர், சிறங்கரை, முரிங்கூர் என்று ஊருக்கு ஊர் பாலம், அடிப்பாதை வேலை. வண்டியெல்லாம் சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஊர்ந்தன. 2025-ல் இந்த நெரிசலுக்காகவே பாலியேக்கரை டோலை உயர் நீதிமன்றம் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. ஏசி ஓட, முதல் கியர், இரண்டாவது கியரிலேயே நகர்ந்தால் எந்த வண்டியும் 17 தராது. குருவாயூர் போகும் வழியில் வேகத்தடையும் வளைவும் வேறு. எங்கள் வண்டிகளுக்கும் இதே கதைதான்.

வரி கணக்கு:
விலை ஏன் வேறு என்பதற்கு: பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய கலால் வரி நாடு முழுக்க ஒன்று, மேலே மாநில வரி அவரவர் இஷ்டம். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். கேரளாவில் 30.08 சதவீதம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடுதல் வரி, ஒரு சதவீத செஸ், 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்புக்கு இரண்டு ரூபாய். 2025-ல் சென்னையில் 101 ரூபாயை ஒட்டி இருந்தபோது திருவனந்தபுரத்தில் 107-க்கு மேல். ஆந்திரா இன்னும் அதிகம். புதுச்சேரி குறைவு, அதனால்தான் கேரளாவுக்கு நடுவில் இருக்கும் புதுச்சேரியின் மாஹே பங்குகளில் எப்போதும் கூட்டம்.

இப்போது உங்கள் கணக்கு. கேரளாவுக்குள் போக வர 300 கிலோமீட்டர் என்று வையுங்கள். 13 கொடுத்தால் 23 லிட்டர், லிட்டருக்கு ஐந்து ரூபாய் என்றால் விலை வித்தியாசம் 115 ரூபாய். 17 கொடுத்திருந்தால் பதினேழரை லிட்டரிலேயே முடிந்திருக்கும். மிச்ச ஐந்தரை லிட்டருக்கு 580 ரூபாய் போகிறது. வரி வாங்குவதைப்போல ஐந்து மடங்கைச் சாலை வாங்குகிறது. விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், சாலை தின்னும் பெட்ரோலை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

ஈரோடு மஞ்சள்:
தெளிவாகப் புரிந்தது, எல்லோருக்கும் நன்றி. அப்போ கோவையிலேயே நிரப்பிவிடுகிறேன். திருச்சூரைத் தவிர்த்துக் குருவாயூர் போக வழி இருக்கிறதா அண்ணா?

பொள்ளாச்சி டாக்ஸி:
இருக்கிறது. பாலக்காட்டில் பிரிந்து ஒற்றப்பாலம், குளப்புள்ளி, பட்டாம்பி, கூற்றநாடு, குன்னங்குளம் வழியாகப் போங்கள். இருவழிச் சாலைதான், வேகம் போக முடியாது, ஆனால் நிற்காமல் மூன்றாவது, நான்காவது கியரில் ஓடிக்கொண்டே இருக்கலாம். பெரியவர்களுக்கும் அலுப்பு குறையும். கேமரா நிறைய உண்டு, பின் சீட்டிலும் பெல்ட் போடச் சொல்லுங்கள். கோவையில் நிரப்பும்போதே டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். கொச்சிக்கு மட்டும் திருச்சூர் வழியேதான் போக வேண்டும், விடியற்காலை ஐந்து மணிக்கு மண்ணுத்தியைத் தாண்டிவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.