மறு: கமோகி, ஹர்லி, பாரிஷ் – கழக வரலாற்றுக்கான கலைச்சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்லாட்நீல் கழக வரலாற்றின் தமிழ் வரைவை முழுதும் படித்துவிட்டேன். வட அயர்லாந்தில், டெரி கவுண்டியின் மகெராவை ஒட்டிய ஒரு சிற்றூர்க் கழகத்தைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிது. நடை சரளமாக இருக்கிறது. சொற்களில்தான் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. முதலில், வரைவின் சொற்பட்டியலில் இருக்கும் இந்த வரி:

> கமோகி = மகளிர் ஹர்லிங்; கமோகி அணி = கழகத்தின் மகளிர் பிரிவு

இரண்டையும் ஏற்க முடியவில்லை. ஹர்லிங் என்பது வளைந்த மட்டையால் பந்தை அடித்தாடும் ஐரிஷ் ஆட்டம்; அந்த மட்டைக்கு ஐரிஷ் மொழியில் கமான் என்று பெயர். 'கம்' என்றால் வளைந்தது. 1904இல் டப்ளினில், ஐரிஷ் மொழி இயக்கமான கேலிக் லீக்கின் கீட்டிங் கிளையைச் சேர்ந்த பெண்கள் இந்த ஆட்டத்தைத் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டபோது, அவர்களுடைய குட்டை மட்டை 'கமோக்' ஆனது. அதிலிருந்து ஆட்டத்துக்குப் பெயர் வந்தது. சொல்லை ஆக்கித் தந்தவர் டைக் ஓ டொனக்கா என்ற அறிஞர். அந்த ஆண்டு ஜூலையில் நவான் ஊரில் முதல் பொது ஆட்டம் நடந்தது. ஆடியவர்களே வேண்டுமென்று தனிப்பெயர் வைத்துக்கொண்ட ஆட்டத்தை, நாம் 120 ஆண்டுகள் கழித்து 'மகளிர்' என்ற அடைமொழிக்குள் திருப்பி அடைப்பது என்ன நியாயம்? கமோகி, கமோகியாகவே இருக்கட்டும்.

'மகளிர் பிரிவு' தகவலாகவும் தவறு. ஆண்களின் கேலிக் கால்பந்தையும் (கையாலும் காலாலும் ஆடும் ஐரிஷ் ஆட்டம்; வரைவில் கால்பந்து என்றால் இதுதான்) ஹர்லிங்கையும் நடத்துவது 1884இல் தர்லஸ் ஊரின் ஹேய்ஸ் ஹோட்டலில் பிறந்த கேலிக் தடகளச் சங்கம். கமோகிக்குத் தனிச் சங்கம், தனி விதிநூல். 1999 வரை அணிக்கு 12 பேர்தான், பிறகே 15. பெண்கள் கேலிக் கால்பந்துக்கு 1974இல் உருவான மூன்றாவது சங்கம் இருக்கிறது. மூன்றையும் 2027க்குள் இணைப்பது என்று, முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ் தலைமையிலான குழு இலக்கு வைத்தது. ஒரே மைதானம், ஒரே சின்னம் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றின் கிளை மற்றொன்று என்று தோன்றும். எனவே 'கழகத்தின் கமோகி அணி' என்றால் போதும்.

ஸ்லாட்நீல் விஷயத்தில் இது இன்னும் உறுத்துகிறது. 1953இல் தொடங்கிய இந்தக் கழகம் 2016இல் கால்பந்து, ஹர்லிங், கமோகி மூன்றிலும் அல்ஸ்டர் மாகாணக் கோப்பைகளை ஒரே பருவத்தில் வென்றது. அதற்கு முன் எந்தக் கழகமும் அப்படி வென்றதில்லை. அடுத்த ஆண்டும் அதையே செய்தது. ஆனால் அகில அயர்லாந்து இறுதி என்று வந்தபோது ஆண்கள் கால்பந்து அணி 2015இல் கோரோஃபின் கழகத்திடமும் 2017இல் டாக்டர் குரோக்ஸ் கழகத்திடமும் தோற்றது. 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று அகில அயர்லாந்துப் பட்டங்களை ஊருக்குக் கொண்டுவந்தது கமோகி அணி. வரைவு இந்தப் பட்டங்களைக் கடைசிப் பத்தியில், 'மேலும்' என்று தொடங்கி ஒரே வரியில் முடிக்கிறது! சொல்லை மாற்றுகிற கையோடு இந்தப் பத்தியையும் மேலே ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது மட்டை, அதாவது ஹர்லி. கமான் என்பதன் பொருளைப் பார்த்து 'வளைகோல்' என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் கச்சிதம், ஆனால் வளைகோல் பந்தாட்டம் என்றால் நமக்கு ஹாக்கி. போதாக்குறைக்கு வரைவிலேயே 'வளைகோலால் கோல் அடித்தார்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. எந்தக் கோல், எந்தக் கோல் என்று வாசகர் திணறுவார். 'வளைமட்டை' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. நுனி அகப்பைபோல அகன்றிருப்பதால் 'மட்டை' பொருந்துகிறது; வளைவும் வெறும் தோற்றமல்ல. ஆஷ் மரத்தின் அடித்தண்டு வேரை நோக்கி விரியும் இடத்திலிருந்துதான் பலகை எடுப்பார்கள். அங்கே மரத்தின் இழையே வளைந்து ஓடுவதால், அகன்ற நுனி அடியைத் தாங்கும். நேர் இழையில் செதுக்கினால் சீக்கிரம் பிளந்துவிடும். இப்போது ஆஷ் மரங்களைப் பூஞ்சை நோய் அழித்துவருவதால் மூங்கிலிலும் செய்கிறார்கள். பந்தை ஸ்லிதர் என்றே விட்டுவிடலாம்.

'பாரிஷ்' (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) என்பதற்குப் 'பங்கு' என்று போட்டவரைப் பாராட்டுகிறேன். தமிழ்க் கத்தோலிக்கர் நாவில் பங்கு, பங்குத்தந்தை என்று அன்றாடம் புழங்கும் சொல் அது; அகராதியைத் துழாவிப் 'பேட்டை', 'வட்டாரம்' என்று போடாததற்கு நன்றி. பங்குச்சந்தை நினைவு வருகிறது என்ற ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இடம் பார்த்தால் பொருள் தெரிந்துவிடும். ஆனால் 'பங்குக் கழகம்' என்ற தொடர் இந்த வரலாற்றிலேயே இடிக்கிறது. ஒரு பங்குக்கு ஒரு கழகம் என்பது பழைய நியதி. மகெரா பங்கிலோ ஸ்லாட்நீலும் இருக்கிறது, 2024இல் அகில அயர்லாந்து கால்பந்துக் கோப்பையை வென்ற கிளென்னும் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர், பரம்பரைப் போட்டி. ஆகவே நிலப்பிரிவைச் சொல்லும் இடத்தில் பங்கு. கழகத்தைச் சொல்லும்போது 'ஊர்க் கழகம்'. பிறந்த ஊருக்காகக் கூலியில்லாமல் ஆடுவது என்ற அடிப்படையும் அதில் வந்துவிடுகிறது.

'கழகம்' என்றதும் கட்சிக்கொடி தெரிகிறது என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்து ஊர்களில் விளையாட்டுக் கழகம் என்பதே வழக்கு. அங்கே யாரும் குழம்புவதில்லை. தமிழ்நாட்டு வாசகரும் பழகிக்கொள்வார்.

ஆட்டக்கணக்குக்கு வருகிறேன். '1-10' என்றால் வலைக்குள் ஒன்று, குறுக்குக் கம்பத்துக்கு மேலே பத்து. வலைக்குள் போனால் மூன்று புள்ளி, மேலே போனால் ஒரு புள்ளி; மொத்தம் 13. வரைவில் மேலே போவதற்கும் 'புள்ளி', கூட்டுத்தொகைக்கும் 'புள்ளி' என்று வருவதால், தோற்ற அணி வென்றதுபோல ஓரிடத்தில் படிக்க நேர்கிறது. மேலே போவதை 'ஒற்றை' என்றால் தீர்ந்தது: ஒரு கோல், பத்து ஒற்றை. ஆண்கள் கால்பந்தில் 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி. அதற்கு 'இரட்டை' தயாராக இருக்கிறது. கமோகியில் அந்த விதி இல்லை.

கேலிக் கால்பந்தின் 'சோலோ' என்பதைத் 'தனியோட்டம்' என்றது ஏமாற்றம். ஓடுகிறவர் தனியாக ஓடுகிறாரா என்பது இங்கே பேச்சே இல்லை. கையில் பந்தோடு நான்கு அடிக்கு மேல் எடுத்துவைக்கக் கூடாது என்பதால், பந்தைக் காலில் போட்டு விரல்நுனியால் தட்டிக் கைக்கே திருப்பி, ஓடிக்கொண்டே இருப்பது அது. 'தட்டோட்டம்' என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். காதுக்கு அவ்வளவு இனிமையாக இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. கால்பந்து ஆடியவர்கள் யாராவது இதைவிட நல்லதாக ஒன்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொற்பட்டியலில் மாற்றிவிடலாம்.